நுண்கணிதத்தின் அத்திவாரம்

வீடு கட்டுவோர் முதலில் அத்திவாரம் இட்டுப் பின்னர்ச் சுவர் எழுப்புவர். அறிவுத்துறைகள் எப்பொழுதும் அவ்வொழுங்கில் எழுவதில்லை. நுண்கணிதம் என்னும் பெருங் கட்டடம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் எழுந்தது. கோள்களின் ஓட்டத்தையும், கடலின் வற்றுப்பெருக்கையும், எறிபொருளின் பாதையையும் கணித்தறிதற்கு அது நிகரற்ற கருவியாயிற்று. ஆயினும், மாடங்கள் உயர்ந்து நூறாண்டு சென்ற பின்பும், அக்கட்டடம் எதன்மேல் நிற்கின்றது என்ற வினாவுக்கு அறிஞர் ஒத்த விடை கூறினாரல்லர். எல்லையின்றிச் சிறியனவாகிய கணியங்களே அதன் அத்திவாரம் என்றனர் ஒரு சாரார். அத்தகைய கணியங்கள் இல்பொருள்கள் என்றனர் மற்றொரு சாரார். இவ்வழக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. அதன் தீர்ப்பு 20ஆம் நூற்றாண்டிலே, ஒருவரும் எதிர்பாராத துறையொன்றிலிருந்து வந்தது.

வழக்கு இன்னதென முதலில் விளங்குதல் வேண்டும். உயரத்திலிருந்து ஒரு கல் விழுகின்றது என்க. காற்றின் தடையை விலக்கி நோக்கினால், அது விழுந்த தூரம், சென்ற செக்கன்களின் வர்க்கத்தை 16 ஆற் பெருக்கிய அளவு அடியாகும். முதற் செக்கனின் முடிவில் 16 அடி; இரண்டாஞ் செக்கனின் முடிவில் 64 அடி; மூன்றாஞ் செக்கனின் முடிவில் 144 அடி. இரண்டாஞ் செக்கன் முடியும் அக்கணத்திலே கல்லின் வேகம் யாது? வேகம் என்பது தூரத்தை நேரத்தாற் பிரித்து வருவது. ஆனால், ஒரு கணத்தில் கல் செல்லும் தூரமும் பூச்சியம். கணத்தின் நீளமும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தாற் பிரித்தல் பொருளற்ற செயல்.

பழைய நுண்கணித நூலார் இவ்விடர்ப்பாட்டை ஓர் உபாயத்தாற் கடந்தனர். இரண்டாஞ் செக்கனை அடுத்து மிக மிகச் சிறிய ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டனர். அந்நேரத்துள் கல் செல்லும் தூரத்தைக் கணித்தால், அச்சிறு நேரத்தின் 64 மடங்கும், அதன் வர்க்கத்தின் 16 மடங்கும் சேர்ந்து வரும். இதனை அச்சிறு நேரத்தாற் பிரித்தால், 64 என்னும் எண்ணும், அதனோடு அச்சிறு நேரத்தின் 16 மடங்கும் கிடைக்கும். நேரம் மிகச் சிறிதாகையால் அந்த 16 மடங்கு புறக்கணிக்கத்தக்கது; ஆகவே வேகம் செக்கனுக்கு 64 அடி என்று முடித்தனர்.

விடை சரியானதே. ஆனால், வந்த வழியை நோக்குக. பிரிக்கும்பொழுது அச்சிறு நேரம் பூச்சியமன்று; பூச்சியமாயின் பிரித்தல் இயலாது. புறக்கணிக்கும்பொழுது அது பூச்சியமாகின்றது. இல்லையேல் விடை சரியாக 64 ஆகாது. ஒரே கணியம் ஒரு வரியில் உளதாயும் அடுத்த வரியில் இலதாயும் நிற்கின்றது. வழக்கின் மையம் இதுவே.

இங்கே பேசப்படும் சிறுமை சாதாரணச் சிறுமையுமன்று. தமிழ்க் கணக்கிலே மாகாணி, காணி, முந்திரி, கீழ்முந்திரி எனச் சிறு பின்னங்களுக்குப் பெயர்கள் உண்டு. முந்திரி என்பது ஒன்றின் 320 இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி என்பது அம்முந்திரியின் 320 இல் ஒரு பங்கு. அதாவது ஒன்றின் 1,02,400 இல் ஒரு பங்கு. எனினும், 320 முந்திரி கூடினால் ஒன்றாகும். 1,02,400 கீழ்முந்திரி கூடினாலும் ஒன்றாகும். வழக்குக்குரிய கணியம் இத்தகையதன்று. அதனை ஆயிரம் முறை கூட்டினும், கோடி முறை கூட்டினும், எண்ணிச் சொல்லத்தக்க எத்தனை முறை கூட்டினும் ஒன்றை எட்டாது. எனினும் அது பூச்சியமுமன்று. இதனை நுண்கணியம் என வழங்குவோம். இப்படியும் ஓர் எண் இருத்தல் கூடுமோ?

பண்டைக் கிரேக்கர் தம் கேத்திரகணித நிறுவல்களிலே இதற்கு இடங்கொடுத்திலர். ஒன்றைப் பலமுறை கூட்டி மற்றொன்றை விஞ்சச் செய்தல் கூடுமாயின், அவ்விரண்டுக்குமிடையிலேயே விகிதம் உண்டு என்பது யூக்கிளிட்டின் நூலிலுள்ள விதி. ஆயினும், கிரேக்கருள் தலைசிறந்த கணித மேதையாகிய ஆக்கிமிடிஸ் தனிமையில் வேறொரு வழியைக் கையாண்டார். அலெக்சாந்திரியாவிலிருந்த எரட்டோஸ்தெனிஸுக்கு அவர் எழுதிய நூலொன்று இதனை வெளிப்படுத்துகின்றது. உருவங்களைத் தடிப்பற்ற கீற்றுகளாகப் பகுத்து, அக்கீற்றுகளைக் கற்பனைத் தராசிலே நிறுத்து, பரப்புகளையும் கனவளவுகளையும் அவர் கண்டறிந்தார். பரவளைவை ஒரு நேர்கோடு வெட்டும்போது உண்டாகும் துண்டத்தின் பரப்பு, அதனுள் அமைந்த முக்கோணியின் பரப்பிலும் மூன்றிலொரு பங்கு கூடியது என்பது அவ்வாறு கண்ட முடிவுகளுள் ஒன்று. ஆனால், கண்டறிதல் வேறு, நிறுவுதல் வேறு என்பதில் அவர் உறுதியாக நின்றார். கீற்றுகளாற் கண்ட உண்மையைப் பின்னர்க் கீற்றுகளின் உதவியின்றி முறைப்படி நிறுவிக் காட்டினார்.

அந்நூல் பல நூற்றாண்டுகள் உலகின் கண்ணுக்குப் புலப்படாதிருந்தது. அதன் பிரதியொன்றின் எழுத்துகளைச் சுரண்டி நீக்கி, 13ஆம் நூற்றாண்டில் அத்தோலேடுகளின்மேற் பிரார்த்தனைகளை எழுதிவிட்டனர். 1906ஆம் ஆண்டில் டென்மார்க்கு அறிஞர் ஐபெர்க் கொன்ஸ்தாந்திநோபிளில் அவ்வேடுகளை ஆராய்ந்து, அடியில் மங்கிக்கிடந்த எழுத்துகளை வாசித்தார். ஆகவே, 17ஆம் நூற்றாண்டினர் ஆக்கிமிடிஸின் நிறுவல்களை அறிந்திருந்தனரேயன்றி, அவர் உண்மையைக் கண்டறிந்த அந்தரங்க வழியை அறிந்திலர். அவ்வழியைத் தாமே புதிதாகக் காணவேண்டியவராயினர்.

அங்ஙனம் கண்டோருள் முன்னின்றவர் இத்தாலியின் பொலோஞாவிற் கற்பித்த கவலியேரி. 1635ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், தளவுருவத்தை அதனுள் அடங்கும் கோடுகள் அனைத்தாலும், திண்மத்தை அதனுள் அடங்கும் தளங்கள் அனைத்தாலும் ஒப்பிட்டு அளந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1632ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி, உரோமாபுரியிலே யேசுசபையின் நூலாய்வாளர் கூடி, தொடர்ச்சியான கணியம் பகுக்கவொண்ணா நுண்கூறுகளால் ஆயது என்ற கோட்பாட்டைத் தம் கல்லூரிகளிற் கற்பித்தலாகாது எனத் தீர்மானித்திருந்தனர். அச்சபையைச் சேர்ந்த குல்டின் கவலியேரியின் முறையைக் கணித நியாயங்கொண்டே தாக்கினார்.

அத்தாக்குதல் வெறும் பிடிவாதமன்று. கவலியேரியின் கருத்தை ஏற்று வளர்த்த தொரிச்செல்லியே அதிலுள்ள பொறியை எடுத்துக்காட்டினார். நீள்சதுரம் ஒன்றை மூலைவிட்டத்தால் இரு முக்கோணிகளாகப் பகுக்க. மூலைவிட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு முக்கோணியில் நீளவாட்டிலும் மற்றையதில் அகலவாட்டிலும் கோடு வரைக. ஒவ்வொரு சோடியிலும் நீளவாட்டுக் கோடே பெரிது. கோடுகளே பரப்பாகுமாயின் முதல் முக்கோணியே பெரிதாதல் வேண்டும். ஆனால், இரு முக்கோணிகளும் சமமானவை. கோடுகளுக்கும் ஏதோ ஒரு தடிப்பு உண்டு, அத்தடிப்புகள் சமமல்ல என்று கொண்டாலன்றி இம்முரண் நீங்காது. நுண்கூறு என்பது தடிப்பற்ற கோடா, மீச்சிறு தடிப்புள்ள கீற்றா என்ற ஐயம் இவ்வாறு கணிதத்தினுள் நுழைந்தது.

இந்நிலையிலே நியூற்றனும் லைபினிற்ஸும் தோன்றினர். 1665, 1666ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோயால் கேம்பிறிஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்த காலத்தே, நியூற்றன் தம் ஊராகிய வூல்ஸ்தோப்பில் இருந்து, கணியங்களைப் பாயும் பொருள்களாகக் கருதி அவற்றின் பாய்ச்சல் வேகங்களைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். லைபினிற்ஸ் 1675ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிலே இன்றுவரை வழங்கும் குறியீடுகளை வகுத்து, 1684ஆம் ஆண்டில் தம் முறையைச் சில பக்கங்களேயுள்ள கட்டுரையாக வெளியிட்டார். இருவருள் முந்தியவர் யார் என்ற பூசல் இரு நாட்டறிஞரையும் நெடுங்காலம் பிரித்து வைத்தது. ஆயின், அத்திவாரத்தைப் பொறுத்தவரை இருவரும் ஒரே இடரையே எதிர்நோக்கினர்.

நியூற்றன் அவ்விடரை நன்குணர்ந்திருந்தார். இளமையில் நுண்கணியங்களைத் தாராளமாகக் கையாண்ட அவர், 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலிலே, மறையும் கணியங்களின் இறுதி விகிதம் என்ற கருத்தை முன்வைத்தார். இரு கணியங்களும் தேய்ந்துகொண்டே செல்ல, அவற்றின் விகிதம் எதனை நெருங்குகின்றதோ அதுவே வேண்டப்படுவது என்பது அதன் கருத்து. 1704ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையிலோ, கணிதத்திலே எத்துணைச் சிறிய பிழையையும் அலட்சியஞ் செய்தலாகாது என வற்புறுத்தினார். எனினும், அவர் கணக்குகளிற் சிறு கணியம் பிரித்தபின் மறைக்கப்படும் வழக்கம் ஒழியவில்லை.

லைபினிற்ஸின் முறை ஐரோப்பியக் கண்டத்திலே விரைந்து பரவியது. 1696ஆம் ஆண்டில் லோப்பித்தால் என்னும் பிரபு பாரிஸிலே வெளியிட்ட நூலே நுண்கணிதத்தின் முதற் பாடநூல். யொகான் பேர்ணூலி அவருக்குக் கற்பித்த பாடங்களே அந்நூலுக்கு மூலம். நுண்கணிய அளவால் மாத்திரம் வேறுபடும் இரு கணியங்களுள் ஒன்றை மற்றதன் இடத்திற் கொள்ளலாம் என்பது அந்நூல் தொடக்கத்திலேயே வேண்டிக்கொள்ளும் சலுகை. அச்சலுகையை எல்லோரும் வழங்கினாரல்லர். பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திலே றோல் என்பார் நுண்கணிதத்தைத் தாக்க, வரிஞோன் என்பார் அதனைக் காத்து வாதாடினார். அரண் தேடி வரிஞோன் லைபினிற்ஸுக்கு எழுதினார்.

1702ஆம் ஆண்டில் லைபினிற்ஸ் அளித்த விடை கருத்தூன்றி நோக்கத்தக்கது. நுண்கணியங்கள் இயற்கையில் உள்ளனவா என்ற தத்துவ வினாவுக்கு விடை கண்ட பின்னரே கணிதம் செய்யவேண்டுமென்பதில்லை. அவற்றைப் பயனுள்ள கற்பனைகளாகக் கொள்ளலாம் என்றார். மறையெண்களின் வர்க்கமூலங்களை அட்சரகணிதம் கற்பனையாக ஏற்றுப் பயன்கொண்டமையை அவர் எடுத்துக்காட்டினார். முடிவுள்ள எண்களுக்கு வாய்க்கும் விதிகள் முடிவிலிக்கும் நுண்கணியத்துக்கும் வாய்க்கும் என்பதும் அவர் துணிபு. இது நுண்ணறிவு மிக்க கூற்று. ஆயின், எந்த விதிகள் வாய்க்கும், எவை வாய்க்கா, ஏன் வாய்க்கும் என்பவற்றுக்கு அவர் நிறுவல் தந்திலர். அவ்வினாக்கள் 250 ஆண்டுகளுக்கு மேல் விடையின்றிக் கிடந்தன.

வழக்கின் மிகக் கூரிய குற்றச்சாட்டு ஒரு சமயத் தலைவரிடமிருந்து வந்தது. ஜோர்ஜ் பார்க்கிளி அயர்லாந்தைச் சேர்ந்த தத்துவ அறிஞர். 1734ஆம் ஆண்டில் அந்நாட்டின் கிளொயின் என்னும் ஊருக்கு மேற்றிராணியாரானவர். அதே ஆண்டில் அவர், சமயநம்பிக்கையற்ற கணிதர் ஒருவரை நோக்கி எழுதும் பாங்கில் ஒரு நூலை வெளியிட்டார். சமயத்தின் மறைபொருள்களை விளங்கிக்கொள்ளல் இயலாது, ஆகவே அவற்றை ஏற்கமாட்டோம் என்று கூறும் கணிதர், தம் சொந்தத் துறையில் அவற்றிலும் விளங்காத மறைபொருள்களைக் கேள்வியின்றி ஏற்பது ஏன் என்பது அவர் வினா. பூச்சியமுமல்லாத, முடிவுள்ளதுமல்லாத, நுண்கணியமுமல்லாத இம்மறையும் பொருள்களை ஆவிகள் என்று அழைக்கலாமோ என அவர் எள்ளினார்.

எள்ளலைக் காட்டிலும் அவருடைய தருக்கமே வலியது. ஒரு கணியம் பூச்சியமன்று என்ற எடுகோளிலிருந்து பெற்ற முடிவை, அவ்வெடுகோளைக் கைவிட்ட பின்னரும் வைத்திருக்க உரிமையில்லை என்றார் பார்க்கிளி. அவ்வாறாயின் கணிதரின் விடைகள் சரியாக அமைவது எவ்வாறு? அதற்கும் அவரிடம் விடையிருந்தது. அவர்கள் இரு தவறுகள் செய்கின்றனர். ஒரு தவறு மற்றத் தவறை ஈடுசெய்கின்றது. இதனை அவர் பரவளைவின் தொடலியை எடுத்துக் கணித்தும் காட்டினார். விடை சரியாயிருத்தல் வழி சரியாயிருத்தற்குச் சான்றாகாது என்பதே அவர் உணர்த்திய பாடம். விஞ்ஞானத்தின் பெருமையே அதன் நியாயத்தில் தங்கியிருக்கின்றதாகையால், அப்பாடத்தைத் தட்டிக்கழித்தல் எளிதன்று.

பிரித்தானியக் கணிதர் பலர் மறுப்பெழுதினர். மறுத்தோர் தம்முள்ளேயே முரண்பட்டனர். அவருள் மக்குளோரின் 1742ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிலே, நுண்கணியங்களை முற்றும் விலக்கி, ஆக்கிமிடிஸின் முறையில் எல்லாவற்றையும் நிறுவ முயன்றார். அவ்வழி உறுதியானது; ஆயின் மிக நீண்டது, நடத்தற்கரியது. ஐரோப்பியக் கண்டத்தில் ஒயிலர் 1755ஆம் ஆண்டு நூலிலே நுண்கணியங்கள் உண்மையிற் பூச்சியங்களே என்றும், பூச்சியங்களுக்கிடையிலான விகிதங்களையே நுண்கணிதம் ஆராய்கின்றதென்றும் கூறிவிட்டு, தம் அரிய கண்டுபிடிப்புகளைத் தொடர்ந்தார்.

பயன் நாளும் பெருகியது. அல்லியின் வால்வெள்ளி மீளும் நாளை கிளேரோவும் அவருக்குத் துணைநின்ற லலாண்ட், லெப்போத்து அம்மையார் ஆகியோரும் மாதக்கணக்கிற் கணித்து, அது 1759ஆம் ஆண்டு ஏப்பிரில் நடுப்பகுதியிற் சூரியனுக்கு மிக அண்மையில் வரும் என அறிவித்தனர். அது மார்ச்சு 13ஆந் திகதி வந்தது. ஏறக்குறைய 76 ஆண்டுப் பயணத்தில் ஒரு மாதமே பிழை. வானமே சாட்சி சொல்லும்போது அத்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பானேன் என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. எனினும், அவ்வையம் கற்றோர் மனத்தை உறுத்திக்கொண்டேயிருந்தது. 1784ஆம் ஆண்டிற் பேர்ளின் விஞ்ஞானக் கழகம், கணிதத்தில் முடிவிலி எனப்படுவதற்குத் தெளிவான கொள்கை தருவோர்க்குப் பரிசில் அறிவித்தது. 1786ஆம் ஆண்டில் அப்பரிசு லுயிலியே என்பாருக்குக் கிடைத்தது, வினாவோ தீர்ந்தபாடில்லை.

அத்திவாரத்தைப் பார்த்தே ஆகவேண்டிய கட்டாயம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. வானியலுக்கும் பொறியியலுக்கும் வேண்டிய கணக்குகளிலே முடிவின்றிச் செல்லும் தொடர்கள் பெருகின. அவற்றிற் பழைய துணிவு பிழைக்கு இட்டுச்சென்றது. பாரிஸின் பல்தொழில்நுட்பக் கல்லூரியிற் கற்பித்த கோசி, 1821ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடநூலிலே எல்லை என்னும் கருத்தை நடுநாயகமாக வைத்து நுண்கணிதத்தைத் திருத்தியமைத்தார். ஆயினும், நுண்கணியம் என்ற சொல்லை அவர் கைவிடவில்லை. பூச்சியத்தை நெருங்கிச் செல்லும் மாறியை அப்பெயரால் வழங்கினார். தொடர்ச்சியான சார்புகள் பலவற்றின் ஒருங்குதொடர் எப்பொழுதும் தொடர்ச்சியான சார்பையே தரும் என்பது அந்நூலில் வந்த தேற்றம். 1826ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு இளைஞர் ஆபெல் அதற்கு விதிவிலக்குகள் உள எனக் காட்டினார். கண்டிப்பான நியாயத்துக்குப் பேர்போன ஆசிரியரின் நூலிலேயே ஐயம் எழுந்தமை, சொற்களின் தெளிவின்மை எத்துணை ஆபத்தானது என்பதை எல்லோர்க்கும் உணர்த்தியது.

அத்தெளிவைத் தந்தவர் ஜேர்மனியரான வயர்ஸ்திராஸ். பல ஆண்டுகள் சிற்றூர்ப் பாடசாலைகளில் ஆசிரியராய், உடற்பயிற்சியுங்கூடக் கற்பித்துவந்த அவர், 1856ஆம் ஆண்டில் பேர்ளினுக்கு அழைக்கப்பட்டார். அங்கே அவர் ஆற்றிய விரிவுரைகள் எல்லை என்பதற்கு ஐயத்துக்கிடமற்ற பொருள் தந்தன. மேலே கூறிய கல்லின் கணக்கை அம்முறையிற் காண்க. சிறு நேரம் பத்திலொரு செக்கனாயின் சராசரி வேகம் 65.6 அடி, நூறிலொரு செக்கனாயின் 64.16 அடி, ஆயிரத்திலொரு செக்கனாயின் 64.016 அடி. 64 இலிருந்து வேறுபாடு ஆயிரத்திலொரு அடியிலுங் குறைய வேண்டுமென ஒருவர் கேட்பாராயின், நேரத்தைப் பதினாறாயிரத்திலொரு செக்கனிலுங் குறைத்தாற் போதும். அவர் எத்துணைச் சிறிய வேறுபாட்டைக் கேட்பினும் அதற்கேற்ற நேரத்தைச் சொல்லலாம். இவ்வாறு எப்பொழுதும் சொல்லக்கூடுமாயின், 64 எல்லையாகும். இதில் எந்நேரமும் பூச்சியமாவதில்லை, மறையும் கணியம் இல்லை, ஆவியும் இல்லை. சாதாரண எண்களும் அவற்றின் ஏற்றத்தாழ்வுமே உள.

எண்கள் என்பன யாவை என்ற வினாவே எஞ்சியது. 1858ஆம் ஆண்டிற் சூரிச் நகரிலே மாணவர்க்கு நுண்கணிதம் கற்பிக்கத் தொடங்கிய டெடெக்கிண்டு, அதற்கு உறுதியான அடிப்படை இல்லாமையை உணர்ந்து வருந்தி, அவ்வாண்டு நவம்பர் 24ஆந் திகதி மெய்யெண்களை வரையறுக்கும் வழியைக் கண்டார். அது 1872ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. கன்றரும் அதே ஆண்டிலே வேறொரு வழியை வெளியிட்டார். இதனோடு கட்டடம் கற்பாறைமேல் நின்றது.

நுண்கணியங்களுக்கு இனி வேலையில்லை என்ற எண்ணம் வலுத்தது. முடிவிலியையே எண்ணிக் கணக்கிட்ட கன்றர்கூட, நுண்கணியக் கொள்கையைக் கணிதத்தைப் பற்றும் கொலரா நோய்க்கிருமிக்கு ஒப்பிட்டார். 1903ஆம் ஆண்டில் பேற்றண்ட் ரசல் அவற்றைத் தேவையற்றனவென்றும் முரண்பாடுடையனவென்றும் ஒதுக்கினார். ஆனால், பௌதிக அறிஞரும் பொறியியலாளரும் தம் தாள்களில் மீச்சிறு நீளங்களையும் மீச்சிறு நேரங்களையும் எழுதுவதை நிறுத்தினாரல்லர். அவர்களுக்கு அது சிந்தனையின் இயல்பான மொழியாயிருந்தது. கோயிலிலிருந்து வெளியேற்றப்பட்டது பட்டறையில் உயிர்வாழ்ந்தது.

மறுவிசாரணையை வேண்டியவர் ஏபிரகாம் றொபின்சன். 1918ஆம் ஆண்டில், அக்காலம் ஜேர்மனிக்குரியதும் இன்று போலந்துக்குரியதுமான வால்டன்பூர்க்கு என்னும் ஊரிற் பிறந்த யூதர் அவர். 1933ஆம் ஆண்டில் இற்லரின் ஆட்சி தொடங்கியதும் அவர் குடும்பம் பலஸ்தீனத்திற் குடியேறியது. 1940ஆம் ஆண்டிற் பாரிஸிற் படித்துக்கொண்டிருந்தபோது ஜேர்மன் படை நெருங்கவே, தப்பி இங்கிலாந்தை அடைந்தார். யுத்த காலத்தில் பான்பரோவிலுள்ள விமான ஆராய்ச்சி நிலையத்தில் விமானச் சிறகுகளின் கணிதத்தில் உழைத்தார். இவ்வாறு பட்டறையின் மொழியை நன்கறிந்த அவரே, தருக்கவியலிலும் முதல்நிலை அறிஞராயிருந்தார். இரு துறையும் ஒருவரிடத்தே கூடியமை கணிதத்தின் நற்பேறு எனலாம்.

1960ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிறின்ஸ்ரனில் இருந்தபோது அவருக்கு அக்கருத்து உதித்தது. மெய்யெண்களைப் பற்றிய உண்மைக் கூற்றுகள் அனைத்தையும், வரையறுத்த தருக்க மொழியொன்றில் எழுதிக்கொள்க. அவற்றோடு புதிய கூற்றுகளைச் சேர்க்க: ஓர் எண் உண்டு, அது பூச்சியத்திலும் பெரிது, அது ஒன்றிலுஞ் சிறிது, அரையிலுஞ் சிறிது, மூன்றிலொன்றிலுஞ் சிறிது, இவ்வாறு முடிவின்றி. இக்கூற்றுகள் தம்முள் முரணுமோ? முரணுமாயின் அம்முரணை ஒரு நிறுவலாற் காட்டுதல் வேண்டும். நிறுவல் எதுவும் முடிவுள்ள வரிகளையே உடையது. ஆகவே முடிவுள்ள தொகையான கூற்றுகளையே அது பயன்படுத்தும். அக்கூற்றுகளுள் இறுதியானது கோடியிலொன்றிலுஞ் சிறிது என்பதாயின், அதனிலுஞ் சிறிய சாதாரணப் பின்னம் ஒன்று எல்லாவற்றையும் நிறைவேற்றும். எனவே, எந்த நிறுவலும் முரண் காட்டாது. முரணற்ற கூற்றுத்தொகுதியொன்று உண்மையாகும் எண்ணுலகம் ஒன்று உண்டு என்பது 1930ஆம் ஆண்டிற் கேடல் வெளியிட்டதும், 1936ஆம் ஆண்டில் மல்செவ் விரிவாக்கியதுமான தேற்றங்களால் விளங்கியது. அவ்வுலகில் மெய்யெண்களும் உள. அவற்றோடு நுண்கணியங்களும் உள.

லைபினிற்ஸ் விட்டுச்சென்ற வினாவுக்கும் இங்கே விடை கிடைத்தது. சாதாரண எண்களின் இயல்புகள் அனைத்தும் அப்படியே புதிய எண்களுக்கும் பொருந்துமாயின், எதனையும் பலமுறை கூட்டி ஒன்றை விஞ்சலாம் என்னும் இயல்பும் பொருந்தி, நுண்கணியத்தையே அழித்துவிடும். வரையறுத்த மொழியிலே எழுதத்தக்க கூற்றுகளே பெயர்ந்து செல்லும் என்பது றொபின்சன் தந்த விடை. பலமுறை என்பது அம்மொழியிலே புதிய உலகின் முடிவிலி எண்களையும் உட்படுத்தும். ஆதலின் முரண் எழுவதில்லை. லைபினிற்ஸின் துணிபு இவ்வாறு தேற்றமாயிற்று.

பார்க்கிளியின் குற்றச்சாட்டும் உரிய விடை பெற்றது. கல்லின் கணக்கிலே சிறு நேரம் நுண்கணியமாகும்; அது பூச்சியமன்று; ஒருபோதும் பூச்சியமாவதுமில்லை. பிரித்து வருவது 64 உம் நேரத்தின் 16 மடங்கும். அது 64 க்குச் சமம் என்று எவரும் கூறுவதில்லை. அதற்கு மிக நெருங்கிய சாதாரண எண் ஒன்றே ஒன்று, அது 64. அந்நெருங்கிய எண்ணே வேகம் என வரையறுக்கப்படுகின்றது. புறக்கணித்தல் என்ற இருண்ட செயல், நெருங்கிய எண்ணை எடுத்தல் என்ற தெளிவான செயலாயிற்று. 1961ஆம் ஆண்டில் இக்கருத்து கட்டுரையாகவும் 1966ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது.

ஆயினும், இத்தீர்ப்பை எல்லோரும் ஒரே மனத்தோடு வரவேற்றாரல்லர். 1966ஆம் ஆண்டில் றொபின்சனும் பேர்ன்ஸ்டைனும் அதுவரை தீராதிருந்த கணிதப் பிரச்சினையொன்றைப் புதிய முறையாற் தீர்த்தனர். அதே இதழில் அல்மோஸ் அதனைப் பழைய முறைக்குப் பெயர்த்து நிறுவிக் காட்டினார். ஒரு முறையாற் சாதாரண எண்களைப் பற்றி நிறுவத்தக்கது மற்ற முறையாலும் நிறுவத்தக்கது. வழி குறுகுதலும் கண் தெளிதலுமே ஆதாயம். கீஸ்லர் 1976ஆம் ஆண்டில் நுண்கணியங்களை அடிப்படையாகக்கொண்டு மாணவர்க்குப் பாடநூல் எழுதினார். எண்ணிக் காட்டக்கூடியதையே ஏற்கவேண்டும் என்ற கொள்கையுடைய பிசொப் அடுத்த ஆண்டு அதனைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் கண்டனத்திற் பொருளில்லாமலில்லை. புதிய எண்ணுலகம் உண்டென நிறுவப்படுகின்றதே தவிர, ஒரு நுண்கணியத்தை எடுத்து இலக்கங்களால் எழுதிக்காட்டல் இயலுவதில்லை. அந்நிறுவல், தேர்வு பற்றிய வெளிப்படையுண்மை எனப்படும் எடுகோளையோ அதனிற் சற்று மெலிந்த ஒன்றையோ வேண்டிநிற்கின்றது. அது செலுத்தவேண்டிய விலை. வயர்ஸ்திராஸின் வழிக்கும் விலை உண்டு: எளிய கருத்தையும் சுற்றிவளைத்துச் சொல்ல நேர்தல்.

றொபின்சன் 1974ஆம் ஆண்டில், 55 வயதிற் காலமானார். அவருடைய முடிவு இவ்வழக்கின் இரு பக்கத்தாருக்கும் நீதி வழங்குகின்றது. நுண்கணியங்கள் நுண்கணிதத்துக்குத் தக்க அத்திவாரமாகுமா என்றால், ஆகும். ஆயின் லைபினிற்ஸின் காலத்தில் அவை அவ்வாறு ஆகியிருக்கவில்லை. அன்று இருந்தது சரியான உள்ளுணர்வு. இல்லாதிருந்தது, எந்தக் கூற்று எவ்வுலகுக்குப் பெயரும் என்று சொல்லத்தக்க தருக்க மொழி. அம்மொழி 20ஆம் நூற்றாண்டிலேயே பிறந்தது. ஆகவே, கருவியைக் கைவிடாத கணிதரும் பிழைத்தவரல்லர். காரணம் கேட்ட மேற்றிராணியாரும் பிழைத்தவரல்லர். கருவியைப் பயன்படுத்தாதிருந்தால் வால்வெள்ளியின் வரவை எவரும் கணித்திருக்கமாட்டார். காரணம் கேளாதிருந்தால் எல்லையின் தெளிவும் பிறந்திராது, தருக்கத்தின் வெற்றியும் வந்திராது.

கீற்றுகளாற் கண்டறிந்து, பின்னர் முறைப்படி நிறுவிய ஆக்கிமிடிஸ், கண்டறிதலையும் நிறுவுதலையும் தனித்தனியே வைத்துப் போற்றினார். அவர் தனித்தனியே வைத்த அவ்விரண்டும் ஒன்றேயாகக் கூடுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன. விடை சரியாயிருக்கின்றது என்று மகிழ்வதோடு அமையாது, அது ஏன் சரியாயிருக்கின்றது என்று கேட்பதும் அறிவின் கடமை. அக்கேள்விக்கு விடை வரும்வரை கருவியைக் கீழே வையாது உழைப்பதும் அறிவின் கடமையே.